மூன்றடிக்கு ஐந்தேகால்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று கேரம் என் வீட்டில். மங்கையர்க்கரசி 5.02-க்குக் கிளம்பிவிட்டார்.

முப்பத்தாறு வருடம் ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நின்ற கார்டு நான். யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று குறிக்காமல் இருக்க முடியாது. ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் கை தானாக எழுதுகிறது.

நாங்கள் நான்கு பேர். இன்ஜின் டிரைவராக இருந்த ஜாபர், பார்சல் ஆபீஸில் இருந்த குப்புராஜ், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த மங்கையர்க்கரசி, நான். ஞாயிறு மூன்று மணிக்கு ஆரம்பித்தால் ஏழு வரை ஆட்டம். வாரம் ஒரு வீடு. போர்டு மட்டும் ஜாபரின் ஸ்கூட்டரில் ஈரோடு முழுக்கச் சுற்றும்.

மங்கையர்க்கரசி ஆடுவதைப் பார்க்க வேண்டும். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு ஸ்ட்ரைக்கரை லேசாகத் தொட்டது போலத்தான் தெரியும், காய் குழிக்குள் இருக்கும். இன்று போர்டில் நான்கு காய்கள் மிச்சம். சிவப்பு அவருக்கு நேர் எதிரே. அடியும் அவருடையது. அந்த நேரம் பார்த்து எழுந்து, "நேரமாச்சுங்க, வரட்டுங்களா" என்றார். நான் போட்டுக் கொடுத்த காபி ஆடை கட்டிக் கிடந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஆட்டம் பாதியில் நிற்பது எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பழைய பக்கங்களைப் புரட்டினேன். மங்கையர்க்கரசி கிளம்பிய நேரங்கள்:

ஜாபர் வீட்டில் 7.10, 7.05, 7.15. குப்புராஜ் வீட்டில் 7.00, 6.55, 7.05. என் வீட்டில் 5.04, 4.58, 5.00, 5.02.

இவ்வளவு சரியாக ஓடிய ரயிலை என் சர்வீஸில் பார்த்ததில்லை. ஆக, குறை என் வீட்டில்தான். காபித்தூளை மாற்றினேன். ஒட்டடை அடித்தேன். சோபா உறைகளைத் துவைத்தேன். மீசையை ஓரங்களில் கொஞ்சம் குறைத்தேன். மீசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஸ்குரூ டிரைவர் இரவல் கேட்க ஜாபர் வீட்டுக்குப் போனேன். என்னிடம் நான்கு ஸ்குரூ டிரைவர்கள் இருக்கின்றன.

ஜாபர் குளித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி நூர்ஜகான் டீ கொடுத்தாள். பேச்சோடு பேச்சாக, "எங்க வீட்டுல மட்டும் அந்தம்மா ஏன் அஞ்சு மணிக்கே எந்திரிச்சுப் போறாங்கன்னு தெரியல" என்றேன்.

நூர்ஜகான் டீத்தட்டைக் கீழே வைத்தாள். "அண்ணா, உங்க வீட்டுல பாத்ரூம் எங்க இருக்குது?"

"ஒண்ணு பெட்ரூமுக்குள்ள. இன்னொண்ணு பின்னால பொடக்காளியில."

"பெட்ரூமுக்குள்ள உங்க பனியன் தொங்கும். பொடக்காளிக்குப் போகோணும்னா உங்ககிட்டத்தான் சாவி கேக்கோணும். பொம்பள ஆளு இல்லாத ஊட்ல, மூணு ஆம்பளைங்க உக்காந்திருக்கற எடத்துல, அந்தக்கா எந்திரிச்சு பாத்ரூம் எங்கன்னு கேப்பாங்களா? பிரஷர் மாத்தர வேற போடறாங்க, அடிக்கடி போகோணும். உங்க ஊட்டு மொறன்னா காலையில இருந்தே தண்ணி குடிக்கறதில்லீங்ணா. அப்பவும் அஞ்சு மணிக்கு மேல தாங்கறதில்ல."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை ஆயிரம் பெண்கள் என் ரயிலில் நாக்கு வறளப் பயணம் செய்திருப்பார்கள்! ஒருத்தரைக்கூட ஏன் என்று யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. என் கண்ணம்மாள் இருந்தவரை இந்த வீட்டுக்கு வரும் பெண்களை அவள் பேச்சே இல்லாமல் உள்ளே கூட்டிப் போய்விடுவாள். அவள் போய் ஒன்பது வருடமாகிறது. அந்த வேலை ஒன்று இந்த வீட்டில் நடந்துகொண்டிருந்ததே எனக்கு இன்றுதான் தெரிந்தது.

ஜாபர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "ஸ்குரூ டிரைவர் வேண்டாமா மருது?" என்றான். வாங்காமல் வந்துவிட்டேன். இனி அவன் சும்மா விடமாட்டான்.

ஆகஸ்ட் 6, புதன்

ஹாலில் மாடிப்படிக்கு அடியில் அளந்தேன். அகலம் மூன்றடி, நீளம் ஐந்தேகால். தலை இடித்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கொத்தனார் சின்னராசு வந்து பார்த்தார். குழாய் வேலையும் அவரே செய்வார். கழிவுக் குழாய் சுவருக்கு அந்தப் பக்கம்தான் போகிறது, இடித்தால் ஒரு முழ தூரம்தான். கூரை சாய்ந்திருக்கும் பக்கம் கோப்பை, உயரமான பக்கம் வாஷ்பேசின். "உக்காரறதுக்கு எதுக்குங்க ஒசரம்?" என்றார். வாஸ்தவம்தான்.

"நாளைக்கே ஆரம்பிச்சுடலாமா?" என்றேன்.

"ஆடி முடியட்டுங்க. ஆவணி ஒண்ணாந்தேதி வந்துடறேனுங்."

"கக்கூசுக்கு என்னய்யா ஆடி ஆவணி?"

"எதா இருந்தாலும் செவுரு செவுருதானுங்களே."

கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. ஆவணி ஒன்று ஆகஸ்ட் 17. என் வீட்டு முறை மறுபடி வருவது 31. நடுவே பதினான்கே நாட்கள்.

ஆகஸ்ட் 9, சனி

பெங்களூரிலிருந்து மகள் தாரணி பேசினாள். படிக்கு அடியில் பாத்ரூம் கட்டுவதைச் சொன்னேன். எதற்கு என்றாள். முட்டி வலி, பெட்ரூம்வரை நடக்க முடியவில்லை என்றேன்.

"தினமும் காலையில ஆறு கிலோமீட்டர் நடக்கறீங்களேப்பா?"

"அது வெளிய. வீட்டுக்குள்ளதான் வலிக்குது."

அவள் நல்ல பெண், மேலே கேட்கவில்லை. இப்படி ஹாலை ஒட்டி விருந்தாளிகளுக்காக இருப்பதற்குப் பவுடர் ரூம் என்று பெயராம். நாற்பத்தொரு படங்கள் அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றும் நம் ஊர்க் கல்யாண மண்டபத்து மணமகள் அறையைவிட நன்றாக இருக்கிறது. ஒரு படத்தில் கோப்பைக்கு மேலே சரவிளக்கே தொங்குகிறது!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குப்புராஜ் வீட்டில் ஆட்டம். காய் அடுக்கும்போது மங்கையர்க்கரசியிடம், "உங்களுக்கு என்ன கலருங்க புடிக்கும்?" என்று தற்செயலாகக் கேட்டேன்.

"எதுக்குங்க?"

"சும்மா."

"பச்சைங்க. நல்லா அடர்த்தியா, மழை பேஞ்ச வேப்பமர எலையாட்ட."

ஜாபர் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஃபேனில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சின்ன அறைக்கு வெள்ளை அடித்தால்தான் பெரிதாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தாரணி இல்லை என்கிறாள். ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வரும் இடம், துணிந்து அடர்ந்த நிறம் அடிக்கலாம், ஒரு நகைப்பெட்டிக்குள் போன மாதிரி இருக்க வேண்டும் என்கிறாள். நான் உடனே ஒப்புக்கொண்டேன். பச்சை. அவளுக்கு ஆச்சரியம்.

மற்ற தீர்மானங்கள். விளக்கு தலைக்கு மேல் கூடாது, மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கண்ணுக்குக் கீழே பள்ளம் தெரியும்; இரண்டு பக்கமும் மஞ்சள் வெளிச்சம் வேண்டும். நம் வயதில் பள்ளத்தை வெளிச்சம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. தரைக்கு ஆத்தங்குடிக் கல். பின்சுவரில் மட்டும் கிளிப் படம் போட்ட காகிதம். தண்ணீர் நன்றாக வர வேண்டும், தாழ்ப்பாள் ஒரே இழுப்பில் விழ வேண்டும். கடைசி இரண்டும் எந்தப் படத்திலும் இல்லை, என் சொந்த யோசனை.

ஹாலில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். முட்டி வலிக்கு இவ்வளவு சிரிப்பு ஆகாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. சின்னராசு ஆறு மணிக்கே வந்து, சூடம் கொளுத்தி, முதல் செங்கல்லைப் பெயர்த்தார். படிக்கு அடியிலிருந்து வெளியே வந்தவை: என் பழைய இரும்புப் பெட்டி, மூன்று குடைக் கம்பிகள், தாரணியின் ஸ்கேட்டிங் சக்கரம், ஒரு தேள். தேளைப் பார்த்து நான் போட்ட கூச்சலைச் சின்னராசு தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கோப்பை உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்து பார்த்தேன், உடுப்போடுதான். எழும்போது தலை இடிக்கவில்லை. பெருமையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

கதவுதான் பெரிய தலைவலி. படிக்கு அடியில் ஐந்தடி உயரம்தான் வரும், கடைக் கதவு எதுவும் சேரவில்லை. கடைசியில் பழைய மரச்சாமான் கடையில் கிடைத்தது. இடித்த வீட்டுத் தேக்குக் கதவு, சின்னது, நடுவில் தாமரை செதுக்கி, பித்தளை வளையம் இரண்டு. எண்ணெய் தேய்த்துவிட்டேன். கண்ணைப் பறிக்கிறது.

இந்த வீட்டில் இருப்பதிலேயே அழகான கதவு இதுதான். தெருக்கதவுகூட இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கிளிக் காகிதம் ஒட்ட ஆள் வரவில்லை. நானே ஒட்டினேன். நான்கு பட்டையில் மூன்று சரி. நான்காவதை ஒட்டி முடித்து, இறங்கி வந்து பார்த்தால், பதினேழு கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. பிரித்தால் கிழியும். இருந்துவிட்டுப் போகட்டும், கிளிகள் அப்படியும்தான் தொங்கும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று முக்கியமான பரிசோதனை. உள்ளே தண்ணீர் இழுத்துவிட்டால் ஹாலில் கேட்குமா? சின்னராசுவைக் கேரம் போடும் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, நான் உள்ளே போய் இழுத்தேன்.

"கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குதுங்!"

எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு இழுத்தேன். "இப்ப?"

"இப்பவும் கேக்குதுங். ஆனா மழை பேயறாப்பல இருக்குதுங்."

மழை பரவாயில்லை. பிறகு மக்கிலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அது கேட்கவில்லை. நான்கு முறை செய்து பார்த்தோம். சின்னராசு கையைக் கட்டிக்கொண்டு, "யாருங்க ஊட்டுக்கு வரப்போற அந்த ஒறம்பரை?" என்றார். கலெக்டர் வருகிறார் என்றேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கதவில் 'கழிப்பறை' என்று பலகை மாட்டலாமா? மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, மூன்று மொழியில். தாரணி, "அப்பா, அது பிளாட்பாரம் இல்ல" என்றாள். கதவுக்கு வெளியே பித்தளை உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்க விடுங்கள், சந்தன வாசனை ஏதாவது வையுங்கள், எல்லாம் தானாகப் புரியும் என்றாள். பலகை வேண்டாம் என்று முடிவு. புரியாமல் எங்கே போகிறது?

ஆகஸ்ட் 30, சனி

முடிந்தது! சின்னராசு கிளம்பும்போது நிலைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலைத் தோரணம் கட்டிவிட்டுப் போனார். அவர் வழக்கம், எந்த வேலை முடித்தாலும் செய்வாராம். நான் உருளியில் செவ்வந்தி மிதக்க விட்டு, சந்தன ஊதுவத்தி ஏற்றி, உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு, சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். கதவின் கீழ் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் கசிந்தது. கை எடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

நாளை எப்படிச் சொல்வது? எல்லாருக்கும் பொதுவாக, "பாத்ரூம் இங்கதாங்க" என்று கையைக் காட்டிவிட வேண்டும். கண்ணாடி முன் எட்டு முறை சொல்லிப் பார்த்தேன். எட்டு முறையும் குரல் வேறு வேறு மாதிரி வருகிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

குப்புராஜ் முதலில் வந்தார். நெற்றி நிறைய திருநீறு எப்போதும் உண்டு. படிக்கு அடியில் கண் போனதும் நின்றார். ஓரடி பின்னால் போனார். வாசலில் விட்ட செருப்பை இன்னும் தள்ளி விட்டுவிட்டு வந்தார்.

"ஏனுங்ணா, சாமி ரூமா கட்டிட்டீங்க! என்ன அம்சம், என்ன அம்சம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, கதவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மங்கையர்க்கரசி வந்துவிட்டார். குப்புராஜ் தரையில் கிடப்பதைப் பார்த்ததும் அவரும் கண்ணை மூடிக் கை கூப்பினார். பையிலிருந்து ஒரு முழம் மல்லிகைப் பூ எடுத்து, பித்தளை வளையத்தில் பக்தியோடு சுற்றினார். பின்னாலேயே போர்டைத் தூக்கிக்கொண்டு வந்த ஜாபர் அதைப் பார்த்து, போர்டை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் சுவரோரமாகச் சுற்றி, பயபக்தியோடு வந்தான்.

குப்புராஜ் எழுந்து, "எந்தச் சாமிங்ணா உள்ள?" என்றார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எட்டு முறை ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. நான் சொன்னது இது: "இன்னும் பிரதிஷ்டை ஆகலைங்க."

இதற்கு மேல் என்ன எழுத! ஆட்டம் நடந்தது. மங்கையர்க்கரசி ஆறடி தூரத்தில், அவருக்காக அடித்த பச்சைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காபியைத் தொடாமல் ஆடினார். கிளம்பும்போது, "நீங்க இத்தன பக்தின்னு எனக்குத் தெரியாதுங்க, கார்டு சார்" என்றார். கண்ணில் மரியாதை. அந்த மரியாதையைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

4.58.

செப்டம்பர் 1, திங்கள்

குப்புராஜ் போன் செய்தார். பழனிக்குப் போகும் தன் மச்சினனிடம் சொல்லி, மூன்றடி உயர முருகன் படம் சட்டம் போட்டு வாங்கச் சொல்லிவிட்டாராம். ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை தாண்டியதும் நல்ல நேரம். அவரே கொண்டு வந்து உள்ளே மாட்டுவாராம்.

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?" என்றேன்.

"சாமி காரியம், சிரமம் என்னங்ணா!"

உள்ளே. முருகனை. கோப்பைக்கு மேலே.

செப்டம்பர் 2, செவ்வாய்

தாரணியிடம் சொன்னேன். போனைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்திருக்கிறாள். மாப்பிள்ளை எடுத்து, "ஹலோ, அங்க என்னாச்சு மாமா? இவ தரையில உருள்றா" என்றார்.

பிறகு அவளே வந்து பேசினாள். குரல் மாறியிருந்தது. "அப்பா, முட்டி வலிக்கு யாராவது கிளி ஒட்டுவாங்களா? யாருக்காகப்பா கட்டினீங்க?"

பெங்களூரில் மழையா என்று கேட்டேன்.

"அம்மா இருந்தா இந்நேரம் அவங்கதான் மொதல்ல சிரிச்சிருப்பாங்க. பிரதிஷ்டையாம்! போய் அவங்ககிட்ட நேரா சொல்லுங்கப்பா. எனக்குச் சந்தோஷம்தான்."

நான் யார் பெயரையும் சொல்லவே இல்லை. ஜாபர் அவளோடு பேசுகிறான் என்று சந்தேகம்.

செப்டம்பர் 3, புதன்

மூன்று முறை நம்பரைப் போட்டு, மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். நான்காவது முறை அவர் எடுத்துவிட்டார். முப்பது வருடம் ஊருக்கே இணைப்புக் கொடுத்த குரல். "சொல்லுங்க" என்றாலே எதையும் மறைக்க முடியாது.

"அது சாமி ரூம் இல்லைங்க" என்றேன்.

"பின்ன?"

"பாத்ரூமுங்க. நீங்க எங்க வீட்டுல அஞ்சு மணிக்குப் போயிடறீங்களே, தண்ணிகூடக் குடிக்காம… அது தெரிஞ்சு… அதுக்காகத்தான்…"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பதினோரு வினாடி. எண்ணினேன்.

"இத யாருங்க உங்ககிட்டச் சொன்னது?"

நூர்ஜகான் என்றேன். போன் வைக்கப்பட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

குப்புராஜ் வீட்டில் ஆட்டம். மங்கையர்க்கரசி வரவில்லை. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஆடினோம். நான்காவது பக்கம் காலியாகவே இருந்தது. குப்புராஜ் முருகன் படத்தைக் காட்டினார். வேலில் ஜிகினா ஒட்டியிருக்கிறது. நல்ல முகம். அந்த முகத்தைப் பார்த்தும் என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

வரும் வழியில் ஜாபர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "ஒரு பொம்பளகிட்ட பாத்ரூம் பத்திப் பேசி வாங்கிக் கட்டிக்கிட்ட மொத ஆளு நீதான் மருது" என்றான். அப்புறம் தோளில் கை போட்டான்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இதை ஒரு மாதமாக எழுதாமல் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். ஆட்டம் பாதியில் நிற்பதா என் கவலை? ஆயிரம் ஆட்டம் நிற்கட்டும். அவர் ஏழு மணிவரை இங்கே இருந்தால் போதும் என்றிருந்தது. அதைச் செய்யப் போய், அறுபது வயதுப் பெண் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த சங்கடத்தை நானும் நூர்ஜகானும் டீ குடித்துக்கொண்டு பேசினோம் என்று அவருக்குத் தெரியும்படி ஆக்கிவிட்டேன். இனி வரமாட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நாலு இருபதுக்கு மணி அடித்தது. குப்புராஜ் சீக்கிரமே வந்துவிட்டார் என்று நினைத்து, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தபடியே கதவைத் திறந்தேன்.

மங்கையர்க்கரசி. ஆட்டோவிலிருந்து இறங்கிய வேகத்தில் நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. வாங்க என்று சொல்லக்கூட எனக்கு நேரம் தரவில்லை.

"பாத்ரூம் எங்கீங்க இருக்குது?" என்றார். சத்தமாக. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாளே திரும்பிப் பார்த்தார்.

கையைக் காட்டினேன். நேராகப் போனார். தாழ்ப்பாள் ஒரே இழுப்பில் விழுந்தது.

நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் டிவியைப் போட்டேன். சத்தம் அதிகமாக இருந்தது. அணைத்தேன். அணைத்தால் தப்பாகத் தோன்றியது, மறுபடி போட்டேன். உள்ளேயிருந்து திடீரென்று ஒரு சிரிப்புச் சத்தம். தலைகீழ்க் கிளிகளைப் பார்த்துவிட்டார். அவர் இப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தனியாகச் சிரித்தேன்.

அப்போதுதான் வாசலில், "முருகா!" என்ற குரல். குப்புராஜ், மாலை போட்ட மூன்றடிப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தட்டில் சூடம், தேங்காய் சகிதம் உள்ளே வந்தார். நேராகத் தாமரைக் கதவின் முன் போய் நின்றார். நான், "குப்புராஜ், சித்த நில்லுங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ மந்திரத்தில் இருந்தார்.

உள்ளே தண்ணீர் இழுபட்டது. சின்னராசு சொன்னது சரிதான், மழை பெய்கிற மாதிரிதான் இருந்தது.

குப்புராஜ் கண்ணைத் திறந்தார். கதவு திறந்தது. மங்கையர்க்கரசி கைப்பையின் பட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஈரக்கையை உதறியபடி வெளியே வந்தார். எதிரே முருகன்.

மூன்று பேரும் அப்படியே நின்றோம். முருகனையும் சேர்த்தால் நான்கு. அவர் மட்டும்தான் சிரித்த முகமாக இருந்தார்.

மங்கையர்க்கரசி பையை வாயிலிருந்து எடுத்தார். "வாங்க குப்புராஜ். இது சாமி ரூம் இல்லீங்க, பாத்ரூமு. கார்டு சார் எனக்காகக் கட்டினது. முருகன ஹாலுல மாட்டிக்கலாம், ஆணி எங்கீங்க?"

குப்புராஜ் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தான் விழுந்து கும்பிட்ட தரையைப் பார்த்தார். "நான் சாஷ்டாங்கமா விழுந்தனேங்ணா" என்றார், பரிதாபமாக. அடுத்த நிமிடம் படத்தைச் சோபாவில் சாய்த்து வைத்துவிட்டு அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பெரிய மனசு. முருகனை ஹாலில் கிழக்குப் பார்த்து மாட்டி, தேங்காய் உடைத்து, பிரசாதம் கொடுத்துவிட்டு, நாங்கள் எதிர்பார்த்ததற்கு முன்பாகவே கிளம்பிப் போனார்.

பிறகு காபி போட்டேன். மங்கையர்க்கரசி குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டுக் குடித்தார்.

"அன்னைக்குப் போனை வெச்சது கோவத்துல இல்லீங்க. மொதல்ல மானமே போனாப்பல இருந்துச்சு. அப்பறம் நாலு நாளா யோசிச்சேன். தம்பி வீட்டு மாடியில இருக்கறேன். பாத்ரூம் கீழதான். எல்லாரும் போயி வந்தப்பறம்தான் எனக்கு. நான் அதை ஒரு கொறையா யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்குன்னு ஒருத்தர் செவுத்த இடிச்சு ஒரு கதவு வெச்சிருக்கறாங்கன்னு நெனச்சப்ப, அழுகையா வந்துச்சுங்க. காலையில இருந்து ஒரு கூசாத் தண்ணியக் குடிச்சுப்போட்டுத்தான் கெளம்பி வந்தேன், பாதியில திரும்பிப் போயிரக் கூடாதுன்னு."

எனக்கும் கண் கலங்கியது. மறைக்கவில்லை.

"ரூம் எப்படி இருக்குதுங்க?" என்றேன்.

"நெம்ப நல்லா இருக்குதுங்க. பச்சை அப்படியே நான் சொன்ன பச்சை. ஆனா ஆம்பள கட்டினதுன்னு உள்ள போனதுமே தெரிஞ்சுபோச்சு. கைப்பைய மாட்ட ஒரு கொக்கி இல்ல. தரையில வெக்கவும் முடியாது, மடியில வெக்கவும் முடியாது. பல்லுல கடிச்சுட்டு உக்காந்திருந்தேன்."

நாற்பத்தொரு படங்கள் பார்த்தேன், தாமரைக் கதவு தேடினேன், மழைச் சத்தம் சோதித்தேன். கொக்கி தோன்றவில்லை. "நாளைக்கே ஒண்ணு அடிச்சுடறேங்க" என்றேன்.

"ரெண்டா அடிங்க" என்றார்.

7.25-க்குத்தான் கிளம்பினார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

என் வீட்டு முறை. மூன்று பேரும் வந்தார்கள். குப்புராஜ் முதலில் ஹாலில் முருகனைக் கும்பிட்டார், பிறகு பழக்கதோஷத்தில் தாமரைக் கதவைப் பார்த்துக் கை தூக்கி, பாதியில் தலையைச் சொறிந்துகொண்டார். ஜாபர் வந்ததும் நேராக உள்ளே போய்விட்டு வந்து, "முட்டி வலிக்கு நல்லாத்தான் இருக்குது" என்றான்.

மங்கையர்க்கரசி நான்கு மணிக்கு ஒருமுறை, ஆறரைக்கு ஒருமுறை எழுந்து போனார். ஒருமுறைகூட யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மூன்று டம்ளர் காபி. ஐந்து ஆட்டத்தில் நான்கு அவருடையது. என்னை ஒரு காய்கூடப் போடவிடாமல் அடித்த ஆட்டமும் அதில் ஒன்று.

7.40-க்கு எல்லாரும் போன பிறகு, உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைக்கப் போனேன். முதல் கொக்கி காலி, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது கொக்கியில் ஒரு சின்னச் சென்னிமலைத் துண்டு தொங்கியது, நீலக் கரை, மூலையில் நூலால் 'ம' போட்டிருந்தது. அவர் வீட்டிலிருந்து கொண்டு வந்தது. கை துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை.

மறந்துவிட்டார் என்று நினைத்து, எடுத்து மடித்து, போன் செய்தேன்.

"எதுக்குங்க எடுத்தீங்க?" என்றார். "அது அங்க இருக்கறதுக்குத்தான்."

திரும்பவும் கொக்கியில் மாட்டி, சுருக்கம் நீவிவிட்டு வந்தேன்.